தனி என்ற ஃபோல்டர்

ஜனவரி 6

அன்புள்ள தம்பி வாலுவுக்கு,

அக்கா எழுதுவது. நாங்கள் இருவரும் இருக்கிறோம். நீ அந்த மலைக்குள்ளே எப்படி இருக்கிறாய்? வெடி வைக்கிற இடத்துக்குப் பக்கத்தில் நிற்காதே என்று எழுதினால் சிரிப்பாய். சுரங்கத்தில் கரண்ட் வேலை பார்க்கிறவன் வேறு எங்கே நிற்பான் என்பாய். இருந்தாலும் எழுதுகிறேன், நிற்காதே. போனை வாசல் கேட்டிலேயே வாங்கிப் பூட்டி வைக்கிற கம்பெனியில் போய்ச் சேர்ந்திருக்கிறாயே, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வருகிற சப்ளை வண்டியை நம்பி உன்னிடம் நான் என்னத்தைப் பேசுவது?

விஷயத்துக்கு வருகிறேன். மாமாவின் கம்ப்யூட்டர் பேசவில்லை.

கொஞ்ச நாளாகவே அது நொண்டிக்கொண்டுதான் இருந்தது. மாமா திரையில் 'தண்ணி' கட்டத்தை அழுத்துவார். நான் என்னவோ ஏதோ என்று ஓடி, காலைப் பிடித்துவிட்டு, தலையணையைச் சரி பண்ணிவிட்டுத் திரும்பும்போது பின்னாலிருந்து நீ பதிந்து வைத்த உன் குரல் வரும், "தண்ணி குடுங்க" என்று. சி டிரைவ் சிவப்பாக இருந்தது. சிவப்பு என்றால் இடம் இல்லை என்று நீதானே சொல்லிக் கொடுத்தாய். அதனால் தேவையில்லாததை எல்லாம் எடுத்துப் போட்டு இடம் பண்ணினேன். கோடு நீலமாகிவிட்டது. மெஷினை அணைத்துப் போட்டால் ஏதோ ஃபைல் காணவில்லை என்று ஒரு பெட்டி வருகிறது. அதை மூடினால் இன்னொரு பெட்டி. பேசுகிற புரோகிராம் திறக்கவே மாட்டேன் என்கிறது.

மாமா சலூனிலிருந்து கொண்டுவந்த அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து இருட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். இடது கையில் ஒரு ஸ்பூனும் பக்கத்தில் ஒரு தட்டும் கொடுத்திருக்கிறேன். வேண்டும் என்றால் தட்டுகிறார். என்ன வேண்டும் என்று மட்டும் யாருக்கும் தெரியாது. பக்கவாதம் வருவதற்கு முன்னால் நாள் முழுக்க வாய் ஓயாமல் பேசிக்கொண்டே முடி வெட்டிய மனுஷன்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. என்ன செய்யணும் என்று உடனே எழுது. வேளாவேளைக்குச் சாப்பிடு.

அக்கா


ஜனவரி 22

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சௌக்கியம். இருமல் மட்டும் கொஞ்சம் உண்டு, அது இங்கே எல்லோருக்கும் உண்டு. உன் கடிதம் நேற்றுதான் கைக்கு வந்தது. நீ 'உடனே' என்று எழுதியதைப் பார்த்துச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

அக்கா, சி டிரைவ் என்பது பீரோ இல்லை, பழைய புடவையை எடுத்துப் போட்டுவிட்டுப் புதுசுக்கு இடம் பண்ண. அதில் பாதி மெஷினுடைய சொந்தச் சாமான். பெயர் புரியவில்லை என்பதற்காக அது குப்பை ஆகிவிடாது. நீ என்னவெல்லாம் அழித்தாய் என்று ஒன்றுவிடாமல் எழுது. குப்பைத் தொட்டியையும் காலி பண்ணிவிட்டாயா? பண்ணவில்லை என்றால் அதில் கை வைக்காதே.

இப்போது செய்ய வேண்டியது: மெஷினே தன் ஃபைல்களை எண்ணிப் பார்த்து, உடைந்ததைச் சரி பண்ணிக்கொள்ள ஒரு வழி இருக்கிறது. கட்டளை அடிக்கிற கறுப்பு ஜன்னலைத் திறக்கணும். அதன் பெயர் மேல் மவுஸின் வலது பக்கத்தை அழுத்தி, நிர்வாகியாகத் திற என்பதைத் தேர்ந்தெடு. சும்மா திறந்தால் அது உன் பேச்சைக் கேட்காது. அடிக்க வேண்டியதைத் தனித்தாளில் பெரிய எழுத்தில் எழுதி இணைத்திருக்கிறேன். நடுவில் ஒரே ஒரு இடைவெளி. அடித்துவிட்டு நூறு சதவீதம் வரும் வரை தொடாதே. கடைசியில் வருகிற வரியை அப்படியே பார்த்து எழுதி அனுப்பு.

இன்னும் இரண்டு கேள்வி. குரல் ஃபோல்டருக்குள்ளே 'தனி' என்று ஒன்று இருந்தது. அதை ஏதாவது செய்தாயா? அப்புறம், கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால் மாமா எழுத்து எழுத்தாகத் தொட்டுக் காட்டுவாரே, அந்த அட்டை எங்கே? அதை வைத்துச் சமாளிக்கலாமே, ஸ்பூன் எதற்கு?

மாமாவிடம் நான் கேட்டதாகச் சொல். அவர் 'போடா மச்சான்' பட்டனை அழுத்த முடியாத நேரத்தில் சொல், அப்போதுதான் எனக்குப் பாதுகாப்பு.

உன் தம்பி


பிப்ரவரி 4

அன்புள்ள தம்பிக்கு,

இருமலுக்கு வெந்நீர் குடி. புகை பிடிக்கிறாயோ என்று சந்தேகமாக இருக்கிறது. பிடித்தால் நிறுத்து.

நீ எழுதிக் கொடுத்ததை அடித்தேன். முதல் தடவை அது ஏற்கவே இல்லை. எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தேன், எல்லாம் சரியாக இருந்தது. இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது, கடைசியில் நீ வழக்கம்போல் வைத்த முற்றுப்புள்ளியையும் நான் சேர்த்து அடித்திருக்கிறேன். புள்ளியை எடுத்ததும் ஓட ஆரம்பித்தது. நான் ஃபேக்டரிக்குக் கிளம்புகிற நேரம் பன்னிரண்டு சதவீதம். துணி வெட்டுகிற மேஜையில் நின்றுகொண்டு பன்னிரண்டு, பன்னிரண்டு என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். சூப்பர்வைசர் வந்து, "ஏம்மா, அளவு பதினெட்டுல்ல?" என்று கத்தினார்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் நூறு. கீழே வந்திருந்ததை அப்படியே ஆங்கிலத்திலேயே பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். எனக்குப் புரிந்தவரை, உடைந்த ஃபைல்களைக் கண்டுபிடித்தது, ஆனால் சிலதைச் சரி பண்ண முடியவில்லை. மெஷினே கையை விரித்துவிட்டால் நான் எங்கே போவேன்?

எதை அழித்தேன் என்று கேட்டாய். பெரிதாக இருந்ததை எல்லாம் அழித்தேன். அனுமதி இல்லை என்று சிலது அடம்பிடித்தது. ஜெராக்ஸ் கடைக்காரரிடம் கேட்டேன், அனுமதி வாங்குவது எப்படி என்று அவர் சொல்லிக் கொடுத்தார். குப்பைத் தொட்டியும் காலி.

ஸ்பூனுக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறோம். ஒரு தடவை தட்டினால் தண்ணீர், இரண்டு தடவை பாத்ரூம், மூன்று தடவை சாய்க்கணும். நேற்று ஏழு தட்டினார். ஏழுக்கு என்ன என்று நாங்கள் பேசி வைத்துக்கொள்ளவில்லை. "வலிக்குதா? குளிருதா? ஃபேனை நிறுத்தவா?" என்று வரிசையாகக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் இல்லை என்று தலையாட்டினார். கடைசியில் ஸ்பூனை என் மேலேயே எறிந்துவிட்டார். படவில்லை. எறிந்துவிட்டு அவரே அழுதார்.

சீக்கிரம் எழுது. போர்வை போர்த்திக்கொண்டு படு.

அக்கா


பிப்ரவரி 19

அன்புள்ள அக்காவுக்கு,

உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று நீ எழுதுவதே இல்லை. மாமாவைத் தூக்கி உட்கார வைத்து உனக்கு முதுகு வலி என்று நான் கிளம்பும்போதே பார்த்தேன். அதைப் பற்றியும் இரண்டு வரி எழுது.

ஜெராக்ஸ் கடைக்காரரை அங்கேயே என் சார்பில் நாலு வார்த்தை கேட்டுவை.

பின்பக்கத்தில் நீ எழுதியதைப் படித்தேன். பயப்படாதே. மெஷின் தன் ஃபைலைச் சரி பண்ண ஒரு நல்ல பிரதி வைத்திருக்கும், அந்தப் பிரதியே கெட்டிருக்கிறது. முதலில் பிரதியைச் சரி பண்ணணும், பிறகு மறுபடியும் பழைய சோதனையை ஓட்டணும். இன்டர்நெட் இருந்தால் அதுவே இறக்கிக்கொள்ளும். வீட்டில் இல்லை. அதனால் மாமா நாற்காலியின் சீட்டுக்கு அடியில் டேப் போட்டு ஒட்டியிருக்கிற பென் டிரைவை எடு. அதில் முழு விண்டோஸும் இருக்கிறது. எங்கேயாவது வைத்தால் நீ தொலைத்துவிடுவாய் என்றுதான் அங்கே ஒட்டினேன். கோபித்துக்கொள்ளாதே.

அடிக்க வேண்டியது இந்த முறை நீளம். தனித்தாளில் இருக்கிறது. புள்ளி வைக்கவில்லை. சாய்கோடு எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்து அடி.

அக்கா, நான் இரண்டு கேள்வி கேட்டேன். ஜெராக்ஸ் கடை வரை எழுதினாய். அந்த இரண்டை மட்டும் மென்று முழுங்கிவிட்டாய்.

உன் தம்பி


மார்ச் 3

தம்பிக்கு,

நீ சௌக்கியமாக இரு. நாங்கள் சௌக்கியம் என்று எழுதக் கை வரவில்லை.

பென் டிரைவ் கிடைத்தது. நீ எழுதிய நீள வரியை நாலு முறை அடித்தேன். நாலு முறையும் மூல ஃபைல்கள் கிடைக்கவில்லை என்கிறது. பென் டிரைவ் செருகித்தான் இருக்கிறது, விளக்கு எரிகிறது. கண்ணெதிரே இருப்பதை இல்லை என்கிறது. இதைக் கேட்டு நீ பதில் எழுத இன்னும் மூன்று வாரம்.

போன வியாழக்கிழமை நான் வேலைக்குப் போன பிறகு மாமா நாற்காலியிலிருந்து சரிந்து விழுந்துவிட்டார். ஸ்பூன் உருண்டு பீரோவுக்கு அடியில் போய்விட்டது. மெஷின் பேசியிருந்தால் சரிகிறபோதே கையை நீட்டியாவது அந்த 'யாராவது வாங்க' பட்டனைத் தட்டியிருப்பார். நீ அதை எவ்வளவு சத்தமாகப் பதிந்து வைத்திருந்தாய், மாடி வீட்டு அக்கா ஒரு முறை பதறிப்போய் செருப்பில்லாமல் ஓடி வந்தாரே. அன்றைக்கு மூன்று மணி நேரம் தரையிலேயே கிடந்திருக்கிறார். நான் வரும்போது வேட்டி நனைந்து, கன்னம் சிமெண்ட்டில் ஒட்டி... "என்னங்க, ரொம்ப நேரமாச்சா?" என்று கேட்டேன். எப்படிப் பதில் சொல்வார்? கேட்ட பிறகுதான் உறைத்தது.

எலும்பு முறியவில்லை. டாக்டர் பார்த்துவிட்டார்.

எல்லாம் நான் செய்தது.

அக்கா


மார்ச் 17

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதத்தைப் பம்ப் ஹவுஸில் நின்று படித்தேன். அதற்குப் பிறகு எந்த ஒயரை எதில் மாட்டினேன் என்று தெரியவில்லை. ஃபோர்மேன் வந்து என்னை ஓரமாக உட்கார வைத்தார். லீவு கேட்டேன். "யாருக்கு உடம்பு சரியில்லை?" என்றார். சொன்னேன். "அக்கா வீட்டுக்காரரா? கூடப் பிறந்தவங்கன்னா பரவாயில்ல, எழுதி அனுப்பலாம்" என்றார். ஒப்பந்தம் முடிய ஜூலை ஆகும். நடுவில் போனால் திரும்ப எடுக்க மாட்டார்கள். நான் வருகிறேன் என்று எழுத வேண்டிய இடத்தில் இதை எழுதுகிறேன். என்னைத் திட்டு.

பென் டிரைவ் விஷயம் என் தப்பு. நம் வீட்டு மெஷினில் அது டி என்ற எழுத்தில் வரும் என்று நினைத்துவிட்டேன். மை கம்ப்யூட்டரைத் திறந்து பார். பென் டிரைவ் படத்துக்குப் பக்கத்தில் என்ன எழுத்து இருக்கிறதோ, நான் எழுதிய வரியில் டி இருக்கிற இடத்தில் அதைப் போடு. அவ்வளவுதான். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் ஒரு நிமிஷ வேலை. இங்கிருந்து ஒரு மாதம் ஆகியிருக்கிறது. ஒரு எழுத்துக்கு ஒரு மாதம், அந்த மாதத்தில் மாமா தரையில் கிடந்திருக்கிறார்.

முடிந்ததும் ஜனவரியில் கொடுத்த சிறிய வரியை மறுபடி ஓட்டு. பிறகு அணைத்துப் போடு. உன் முதுகு எப்படி இருக்கிறது?

உன் தம்பி


மார்ச் 29

அன்புள்ள தம்பிக்கு,

உன்னைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? இந்தக் கடிதத்தை முடிக்கும்போது நீதான் என்னைத் திட்டுவாய். முதுகு வலிக்கிறது. போதுமா, எழுதிவிட்டேன்.

எழுத்து எஃப். போட்டேன். அறுபத்திரண்டில் அரை மணி நேரம் நின்றது, என் உயிரும் அதிலேயே நின்றது. பிறகு நூறு. சிறிய வரியையும் ஓட்டினேன். எல்லா ஃபைலும் முழுமையாக இருக்கின்றன, எந்தக் குறையும் இல்லை என்று வந்தது. பெட்டிகள் ஒன்றும் வரவில்லை. புரோகிராம் திறந்தது! கட்டம் கட்டமாக எல்லாப் படங்களும் வந்தன. மாமா என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். விரலை நீட்டி 'தண்ணி'யை அழுத்தினார்.

சத்தம் வரவில்லை. 'கால் மரத்துப்போச்சு', 'உப்பு பத்தலை', 'போடா மச்சான்', எதற்குமே சத்தம் இல்லை. ஸ்பீக்கரைத் தட்டிப் பார்த்தேன், ஒயரை மாற்றினேன். எனக்குத் தெரியும் தம்பி, தெரிந்துகொண்டே தட்டினேன். குரல் ஃபோல்டரையே நான் அழித்துவிட்டேன்.

இனிமேல் பூசி மெழுகப் போவதில்லை. கேள். டிசம்பர் மாதம் மாமா கடைசி வரிசையில் ஒரு கட்டத்தை அழுத்த ஆரம்பித்தார். அதில் படம் இல்லை, வெறும் புள்ளி. நான் அவரைத் தூக்கி உட்கார வைத்துவிட்டு முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போதெல்லாம் அழுத்துவார். உன் குரல் சொல்லும், "என்னை ஏதாவது ஒரு ஹோம்ல சேர்த்துடு. நீயாவது நிம்மதியா இரு." ஒரு நாளைக்குப் பத்து முறை. நான் வளர்த்த தம்பியின் குரலில். என்னால் தாங்க முடியவில்லைடா.

அவர் மத்தியானம் தூங்கும்போது தேடி, 'தனி' ஃபோல்டரைக் கண்டுபிடித்தேன். அந்த ஒரு வாக்கியம்தான் அதில் இருந்தது. அழித்தேன். அழித்த பிறகு பயம் வந்தது. அது மட்டும் போயிருந்தால் நான்தான் என்று இரண்டு பேரும் கண்டுபிடித்துவிடுவீர்கள். சிவப்புக் கோடு வேறு இருந்தது, நல்ல சாக்கு. இடம் பண்ணுகிற மாதிரி குரல் ஃபோல்டர் முழுவதையும் அழித்தேன். அதுவும் போதாது என்று பெரிது பெரிதாக, பெயர் தெரியாதது எல்லாம் அழித்தேன். ஒரு வாக்கியத்தை மறைக்க ஒரு மனுஷனின் வாயையே அடைத்துவிட்டேன்.

எழுத்து அட்டையைக் கேட்டாய். பீரோ மேலே, சூட்கேஸுக்குப் பின்னால் இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தால் எந்த எழுத்தில் ஆரம்பிப்பார் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் ஸ்பூன்.

அந்த ஃபைல்களையும் மெஷின் சரி பண்ணிக்கொடுக்குமா? இன்னொரு வரி ஏதாவது இருக்கிறதா?

அக்கா


ஏப்ரல் 16

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா என்றுதான் முதலில் கேட்கிறேன்.

இன்னொரு வரி இல்லை அக்கா. அந்தச் சோதனை மெஷினுடைய சொந்த ஃபைல்களை மட்டும்தான் பார்க்கும். நாம் வைத்தது இருந்ததா போனதா என்று அதற்குத் தெரியாது. அதனால்தான் குறை ஒன்றும் இல்லை என்று சொல்லியிருக்கிறது. அழித்த உடனேயே என்றால் மீட்கப் பார்த்திருக்கலாம். இப்போது நான் சொல்லிக் கொடுத்த ரிப்பேரே புது ஃபைல்களைக் கொண்டுபோய் அந்த இடத்தில் எழுதியிருக்கும். ஊருக்கெல்லாம் இன்னொரு பிரதி எடுத்து வையுங்கள் என்று சொல்கிறவன், மாமாவின் முந்நூற்றுப் பன்னிரண்டு வார்த்தைக்கு ஒரு பிரதி எடுக்கவில்லை.

உன்னைத் திட்ட மாட்டேன். எனக்கும் ஒன்று சொல்ல இருக்கிறது. 'தனி' நான் கிளம்புவதற்கு முந்தின நாள் பதிந்தது. நீ ஃபேக்டரிக்குப் போயிருந்தாய். மாமா அட்டையைக் கேட்டு வாங்கி, முக்கால் மணி நேரம் எழுத்து எழுத்தாகத் தொட்டார். "மாமா, இதை நான் பதிய மாட்டேன்" என்றேன். மறுபடியும் முதலிலிருந்து தொட ஆரம்பித்தார். பதிந்துவிட்டேன். உன்னிடம் சொல்லாமல் வண்டி ஏறினேன். ஜனவரியில் உன் முதல் கடிதம் வந்தபோதே என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். நேராகக் கேட்கத் தைரியம் இல்லாமல், ஃபோல்டரைத் தொட்டாயா என்று வக்கீல் மாதிரி கேட்டுக்கொண்டிருந்தேன்.

இதோடு ஒரு மெமரி கார்டு அனுப்புகிறேன். ஸ்டோர் கிளார்க்கின் கம்ப்யூட்டரில், ஒன்பது நாள் சாப்பாட்டு இடைவேளையில் உட்கார்ந்து மறுபடி பதிந்தேன். நினைவில் இருந்த வரை முந்நூற்று நாலு. பின்னால் துளை போடுகிற சத்தம் கேட்கும், மன்னித்துவிடச் சொல். எந்த ஃபோல்டரில் போடணும், கட்டத்தோடு எப்படிச் சேர்க்கணும், புதிதாகப் பதிய எந்தச் சிவப்புப் பொத்தானை அழுத்தணும் என்று தனித்தாளில் இருக்கிறது.

அந்த ஒன்றை மட்டும் பதியவில்லை. மைக் முன்னால் இரண்டு நாள் உட்கார்ந்தேன். வாய் வரவில்லை.

உன் தம்பி


மே 5

அன்புள்ள தம்பிக்கு,

உன் இருமல் நின்றதா? கார்டில் எண்பதாவது வார்த்தைக்கு அப்புறம் குரல் கட்டியிருக்கிறது. 'ஃபேனைப் போடு' என்று சொல்லும்போது நடுவில் இருமியிருக்கிறாய். அதை அப்படியே வைத்திருக்கிறேன்.

மாமா பேசுகிறார். முதலில் 'தண்ணி'யை அழுத்தினார். பின்னால் கடகடவென்று மலையையே குடைகிற சத்தம், அதற்கு நடுவில் "தண்ணி குடுங்க!" என்று உன் கத்தல். மாமா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். வாயின் ஒரு பக்கம்தான் சிரிக்கும், உனக்குத் தெரியுமே. பாத்ரூமிலிருந்து வந்து உட்கார்ந்ததும் 'அடுத்தவங்க வரலாம்' என்ற பழைய சலூன் பட்டனை அழுத்தினார். நானும் சிரித்துவிட்டேன். நாலு மாதம் கழித்து இந்த வீட்டில் இரண்டு பேர் சிரித்தோம்.

அப்புறம் விரல் கடைசி வரிசைக்குப் போயிற்று. புள்ளி வைத்த கட்டம். அழுத்தினார். ஒன்றும் வரவில்லை. மறுபடி அழுத்தினார். மெஷினைப் பார்க்கவில்லை தம்பி, என்னைப் பார்த்தார்.

பீரோ மேலிருந்து அட்டையை எடுத்துத் துடைத்து மடியில் வைத்தேன். 'எ'வில் ஆரம்பிப்பார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவர் 'நீ'யில் ஆரம்பித்தார். நீ, தா, னா.

"ஆமாங்க. நான்தான்" என்றேன்.

தலையாட்டினார். கோபம் இல்லை. ஜனவரியிலிருந்தே தெரியும் போலிருக்கிறது. தட்டைத் தட்டிக்கொண்டு, என் மேல் ஸ்பூனை எறிந்து, தரையில் கிடந்து, எல்லாவற்றையும் தெரிந்துகொண்டேதான் இருந்திருக்கிறார். பிறகு இன்னும் இரண்டு எழுத்து தொட்டார். போ, டு.

உன்னை மறுபடி கேட்க மனசு வரவில்லை. அவருக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்ல ஒரு கட்டம் வேண்டும், அதைப் பிடுங்க நான் யார்? மைக்கைச் செருகி, நீ எழுதிய சிவப்புப் பொத்தானை அழுத்தி, நானே சொன்னேன். "என்னை ஏதாவது ஒரு ஹோம்ல சேர்த்துடு. நீயாவது நிம்மதியா இரு." மூன்று முறை குரல் உடைந்தது. நாலாவது முறை சரியாக வந்தது. மற்றது எல்லாம் உன் குரல், அது ஒன்று மட்டும் என் குரல். எல்லாவற்றையும் பென் டிரைவில் இன்னொரு பிரதி எடுத்து நாற்காலிக்கு அடியில் ஒட்டிவிட்டேன். அதையும் சேர்த்துத்தான்.

தினம் சாயங்காலம், நான் வேலையிலிருந்து வந்து அவரைத் தூக்கி உட்கார வைத்ததும், ஒரே ஒரு முறை அழுத்துகிறார். முதல் நாள், "முடியாதுங்க. அடுத்த பேச்சைப் பேசுங்க" என்றேன். மறுநாளும் முடியாது என்றேன். மூன்றாம் நாள் சண்டையே போட்டேன். அவரும் 'போ போ' பட்டனை அழுத்திச் சண்டை போட்டார், கேட்க நன்றாக இருந்தது.

ஜூலையில் வரும்போது கனமான சாமான் எதுவும் வாங்கி வராதே. நீ வந்தால் போதும். மலைக்குள்ளே பார்த்து நட.

நேற்றும் அழுத்தினார். என் குரல் கேட்டது. நான் முதுகைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றிருந்தேன். முடியாது என்று சொல்ல வாயைத் திறந்தேன், தம்பி. நேற்று ஒன்றும் சொல்லவில்லை.

அவரும் திரும்ப அழுத்தவில்லை.

அக்கா